சந்தா கட்டினால்தான் திறக்கும் கட்டம்

சென்ற மாதம் நம் அச்சுத் தொழில் இதழில் நண்பர் ஒருவர் கியூஆர் கோடு பற்றி நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். படித்து முடித்ததும் நான் செய்த முதல் வேலை, மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்ததுதான். இதை எழுதும்போதும் அது எதிரில் கிடக்கிறது. அதன் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நண்பர் சொன்னதைச் சொன்னபடியே வைத்துவிடுகிறேன். திரித்துவிட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது.

கியூஆர் கோடில் இரண்டு ரகம் என்கிறார். அச்சடித்த பிறகு மாற்ற முடியாத ஸ்டேட்டிக் ஒன்று, அச்சடித்த பிறகும் போய்ச் சேருமிடத்தை மாற்றிக்கொள்ளத் தோதான டைனமிக் ஒன்று. முன்னது பழசு, பின்னது புதுசு. தப்பைத் திருத்தலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம், கட்டம் நெருக்கமில்லாமல் சட்டென்று ஸ்கேன் ஆகும், பாதுகாப்பு அதிகம், அரசாங்கமே டைனமிக்கைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது, செலவோ ஒரு நாளைக்கு ஒரு டீ காசு. ஆகவே இனியும் ஸ்டேட்டிக் அடித்துக் கொடுக்கிற அச்சகத்துக்காரர் வாடிக்கையாளரின் காசைக் கரியாக்குகிறார். இதுதான் கட்டுரை. மிச்சமெல்லாம் படம்.

சிவகாசியில் முப்பது வருஷமாக மையில் கை நனைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கரியாக்குகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் வாக்கியத்திலேயே சறுக்கிவிட்டார். கியூஆர் கோடில் அப்படி இரண்டு ரகம் கிடையாது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் இதைச் செய்தது கார் உதிரிபாகப் பெட்டிகளை எண்ணுவதற்காக. பழைய பார்கோடில் இருபது எழுத்துக்கு மேல் அடைக்க முடியாமல் ஒரே பெட்டியில் பல பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 'கோ' என்கிற பலகை ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து ஹாராவுக்கு யோசனை வந்தது. 2000-இல் ஐஎஸ்ஓ தரமாக ஆயிற்று. அந்தத் தரத்தில் நாற்பது அளவுகள் உண்டு: 21-க்கு 21 கட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் நான்கு நான்காக ஏறி, 177-க்கு 177 வரை. சேதம் தாங்கும் திறனில் நான்கு நிலைகள் உண்டு. ஏழு சதவீதத்திலிருந்து முப்பது சதவீதம் வரை அழிந்தாலும் படிக்கலாம். எண்ணுக்கு ஒரு முறை, எழுத்துக்கு ஒரு முறை, ஜப்பானியக் காஞ்சி எழுத்துக்கு ஒரு முறை என்று பிரிவு உண்டு. ஸ்டேட்டிக், டைனமிக் என்ற பிரிவு மட்டும் அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அது கோடின் குணம் அல்ல, வியாபாரத்தின் குணம்.

காகிதத்தில் மை காய்ந்த பிறகு எந்தக் கட்டமும் மாறாது. நம்மைவிட இது யாருக்குத் தெரியும்? டைனமிக் என்று விற்கப்படும் கோடிலும் உள்ளே இருப்பது மாறாத ஒரு முகவரிதான். அது உங்கள் வாடிக்கையாளரின் முகவரி அல்ல, கோடு விற்கும் கம்பெனியின் முகவரி. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகிறார். அது ஒரு பட்டியலைப் பார்த்து, இன்ன எண்ணுக்கு இன்ன கடை என்று திருப்பி அனுப்புகிறது. என் வீட்டு விலாசத்தைப் பத்திரிகையில் போடாமல் மூன்றாவது தெரு தரகர் விலாசத்தைப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர்களை அவர் பொறுப்பாக வழி காட்டி அனுப்பிவைப்பார் என்று நம்பி உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழில்நுட்பம். தரகர் நல்லவராக இருக்கும்வரை சாப்பாட்டுப் பந்தி நிறையும்.

இதில் ஒரு வேடிக்கை. டென்சோ இந்தக் கோடுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. ஆனால் தரப்படி பயன்படுத்துகிறவர்களிடம் அந்த உரிமையைக் காட்டிக் காசு கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டது. அதனால்தான் பெட்டிக்கடை வரை இது பரவியது. கண்டுபிடித்தவன் இலவசமாகக் கொடுத்துவிட்டான்; நடுவில் நிற்கிறவன் மாதச் சந்தா கேட்கிறான். நண்பர் அவனைத்தான் முன்னேற்றம் என்கிறார்.

இப்போது காலண்டர். நாகர்கோவில் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர், எங்களிடம் பன்னிரண்டு வருஷமாக அடிக்கிறவர். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்ததும் முதலில் போன் பண்ணுகிற ஆள். அந்த வருஷம் நாலாயிரம் தினசரி காலண்டர், திருச்செந்தூர் முருகன் படம். இந்த முறை கடைக்கு ஒரு கியூஆர் போடணும் என்றார். தங்கை மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஏதோ ஒரு வெப்சைட்டில் இலவசமாகக் கிடைத்ததாம். பிரூஃப் எடுத்ததும் நானே போனை வைத்துப் பார்த்தேன். கடையின் கேட்டலாக் அழகாகத் திறந்தது. ஓகே என்று கையெழுத்துப் போட்டு பிளேட்டுக்கு அனுப்பினேன். என் தப்பு அங்கேதான்; கட்டம் படிக்கிறதா என்று பார்த்தேனே தவிர, உள்ளே யார் முகவரி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் போன் வந்தது. "என்ன அண்ணாச்சி, காலண்டர்ல உள்ள கட்டத்தப் பிடிச்சா என் கடை வரல்ல, எவனோ இங்கிலீஷ்ல துட்டு கேக்கான்?"

அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, தொடர்ந்து இயங்க ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பக்கம். கீழே டாலரில் விலை. பையன் எடுத்தது இலவச கோடு அல்ல, பதினான்கு நாள் இலவசம். நாங்கள் மவுண்ட் அடித்து, லேமினேஷன் போட்டு, தேதிச் சீட்டுக் கட்டைத் தைத்து, பார்சல் ஆபீஸில் ஏற்றியபோதே அது செத்துப்போயிருந்தது. நாலாயிரம் வீட்டுச் சுவரில் முருகனுக்குக் கீழே ஒரு அந்நியக் கம்பெனியின் கட்டண அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் மையில், அவர் காசில்.

சேருமிடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரே நண்பர், வாஸ்தவம். மாற்றினார்கள். நாங்கள் மாற்றவில்லை, அவர்கள் மாற்றினார்கள். அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

வாடிக்கையாளர் கடைசியில் காசு கட்டினார். மாதாமாதம் கட்ட வழியில்லை, வருஷத்துக்கு மொத்தமாகத்தான் என்றார்கள். சுவரில் தொங்குவதைத் திரும்ப வாங்க முடியாதே, வேறென்ன செய்வார்?

தப்பைத் திருத்தும் வசதிக்கு வருவோம். பத்தாயிரம் பிரவுஷரில் தப்பான முகவரி அச்சாகிக் குப்பைக்குப் போன கதையை நண்பர் உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்த வலி எனக்கும் தெரியும், சிரிக்கமாட்டேன். ஆனால் அதற்கு மருந்து தரகரிடம் போவது அல்ல. கடையின் பேரில் ஒரு டொமைன் வாங்குங்கள். டாட் இன் முகவரிக்கு ஒரு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அதில் ஒரே எழுத்தில் ஒரு குட்டிப் பாதை வையுங்கள். கட்டத்துக்குள் அந்தப் பாதையை அடியுங்கள். கேட்டலாக் இன்றைக்கு ஒரு இடத்தில் இருக்கும், நாளைக்கு இன்னொரு இடத்துக்குப் போகும். குட்டிப் பாதையில் ஒரு வரி மாற்றினால் ஸ்கேன் செய்கிறவர் புது இடத்துக்குப் போய்விடுவார். வெப்சைட் பார்த்துக்கொள்கிற பையனிடம் 302 போடு, 301 போடாதே என்று மட்டும் சொல்லிவையுங்கள். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது என்று பொருள். பிரவுசர் அதை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த முறை உங்களைக் கேட்காமலே பழைய இடத்துக்குப் போய்விடும்.

நண்பர் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் வித்தை முழுக்க இவ்வளவுதான். அவர் கணக்குப்படி நான் சொன்ன கோடு ஸ்டேட்டிக். அவர் கணக்குப்படியே அது திருத்தக்கூடியது. இரண்டு ரகம் என்று போட்ட கோடு இங்கேயே அழிந்துபோகிறது.

திருத்தவே கூடாத இடமும் உண்டு, அதையும் அவர் பார்க்கவில்லை. லாட்ஜ் அறையில் வைஃபை பாஸ்வேர்டுக்கு ஒட்டுகிற கோடையும் டைனமிக்காகப் போடச் சொல்கிறார். வைஃபை கோடு வேலை செய்வதே பெயரும் பாஸ்வேர்டும் கட்டத்துக்குள்ளேயே இருப்பதால்தான். போன் அதைப் படித்து நேராக இணைந்துகொள்ளும். அதைக் கம்பெனி கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிட்டால், நெட் கிடைக்க முதலில் நெட் வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது நண்பர் இந்தக் கோடைக் கையால் தொட்டுப் பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

சின்னக் கம்பெனிதான் ஏமாற்றும், பெரிய கம்பெனியாகப் பார்த்துப் போனால் பயமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். கூகுளைவிடப் பெரிய கம்பெனி எது என்று அவரே சொல்லட்டும். 2009-இல் கூகுள் தன் பேரிலேயே முகவரி சுருக்கும் சேவை தொடங்கியது. உலகம் முழுக்கப் புத்தகத்திலும் போஸ்டரிலும் அந்தச் சுருக்க முகவரியை அச்சடித்தார்கள். 2019-இல் புதிதாகச் சுருக்குவதை நிறுத்தினார்கள், பழையது ஓடும் என்றார்கள். 2024 ஜூலையில், பழையதும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு ஓடாது என்று அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பியதும் கெடு நெருங்கிய கடைசி மாதத்தில் கொஞ்சம் இறங்கிவந்து, 2024 இறுதியில் யாருமே தொடாத இணைப்புகளை மட்டும் நிறுத்துகிறோம் என்றார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். அச்சடிக்கிறவன் காதால் கேட்டுப் பாருங்கள். நூலக அலமாரியில் இருக்கும் புத்தகத்தை யாரும் சில மாதம் புரட்டவில்லை என்றால் அதில் உள்ள வழி அடைந்துவிடும். புத்தகம் என்பதே யாரும் புரட்டாமல் பத்து வருஷம் காத்திருக்கத் தெரிந்த பொருள்தானே! அதே 2025 ஆகஸ்ட் 25-இல் அவர்களுடைய ஃபயர்பேஸ் என்ற பிரிவின் சுருக்க இணைப்புச் சேவையும் மூடப்பட்டது. அந்தச் சேவையின் பெயரிலேயே 'டைனமிக்' என்ற சொல் இருந்தது என்பதை நண்பர் குறித்துக்கொள்ளலாம்.

கம்பெனி நல்லதாக இருந்தாலும் போதாது. 2010-இல் லிபியா நாட்டின் டொமைன் பதிவகம் ஒரு சுருக்க முகவரியைப் பறித்துக்கொண்டது. அதில் காட்டப்பட்ட படம் தங்கள் நாட்டு ஒழுக்கத்துக்கு ஒத்துவரவில்லையாம். நடத்தியவர்கள் அமெரிக்காவில். முகவரியின் வால் லிபியாவுடையது. உங்கள் காலண்டரில் இருக்கும் குட்டி முகவரியின் வால் எந்த நாட்டுடையது என்று எப்போதாவது பார்த்ததுண்டா?

எண்ணிக்கை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து, எந்தப் போனில் என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்களாம். ஊரைக் கண்டுபிடிப்பது ஐபி முகவரியை வைத்து. மொபைல் நெட்டில் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கிறார்கள். தோவாளையில் ஸ்கேன் செய்தவர் சென்னைக்காரராகவோ வேறு மாநிலத்தவராகவோ கணக்கில் ஏறுவார். ஒரே ஆள் ஐந்து முறை பார்த்தால் ஐந்து ஸ்கேன். இந்த லட்சணக் கணக்கு சொந்த வெப்சைட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும், முகவரிக்குப் பின்னால் காலண்டர், பில், போர்டு என்று தனித்தனி ஒட்டுப் போட்டு அடித்தால் போதும். வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் யார் என்ற பட்டியலை மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பார்க்க அவனிடமே காசு கட்டுவதற்குப் பேர் அனலிட்டிக்ஸ் என்றால், நம் ஊர்க் கடைக்காரர்கள் அனலிட்டிக்ஸ் இல்லாமலே பிழைத்துக்கொள்வார்கள்.

கட்டம் நெருக்கம் பற்றிய வாதம் மட்டும் பாதி உண்மை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முகவரி நீளமானால் கட்டம் பெருகும், புள்ளி பொடியாகும், மேப்லித்தோ காகிதத்தில் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரி. ஆனால் அதைக் குறைக்க வேண்டியது முகவரியைச் சுருக்கித்தான், சந்தா கட்டியல்ல. சொந்த டொமைனில் குட்டிப் பாதை இருபது எழுத்தில் அடங்கும். 25-க்கு 25 கட்டம், விற்கிற கம்பெனி தருவதும் அதே அளவில்தான். இன்னும் குறைக்க வேண்டுமானால் நம் தொழிலில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். எண்கள், பெரிய எழுத்துகள், சாய்கோடு, முற்றுப்புள்ளி போன்ற சில குறிகள் என மொத்தம் 45 உருக்களுக்கு இந்தக் கோடில் தனிச் சிக்கன முறை இருக்கிறது. சின்ன எழுத்து ஒன்று நுழைந்தாலும் அது பைட் கணக்குக்குப் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டொமைன் பெயருக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. எச்டிடிபிஎஸ் தலைப்போடு சேர்த்து இருபது எழுத்துக்குள் அடக்கிப் பெரிய எழுத்தில் போட்டால், பதினைந்து சதவீதச் சேதம் தாங்கும் நிலையிலேயே ஆகச் சிறிய 21-க்கு 21 கட்டத்தில் உட்கார்ந்துவிடும். பாதைக்கு மட்டும் வேறுபாடு உண்டு. சர்வரிலும் அதைப் பெரிய எழுத்திலேயே வைக்க வேண்டும்.

ஸ்கேன் ஆகாததற்கு உண்மையான காரணங்கள் வேறு, அவற்றைப் பற்றி நண்பர் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கட்டத்தைச் சுற்றி நான்கு புள்ளி அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். நம் டிசைனர்கள் அழகு போய்விடும் என்று பார்டரை ஒட்டி வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் தங்க ஃபாயிலில் கோடு அடிப்பார்கள், மண்டப வெளிச்சத்தில் அது கண்ணாடி மாதிரி மின்னிப் போனைக் குருடாக்கும். கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போடுவார்கள், சில போன் எடுக்கும், சில எடுக்காது. நடுவில் முதலாளி படத்தை வைப்பார்கள். இதில் எதையும் டைனமிக் சரி செய்யாது.

இனி அரசாங்கம். இந்த இடத்தில்தான் கட்டுரையை மேசை மேல் போட்டுவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். ஜிஎஸ்டியில் டைனமிக் கியூஆர் கட்டாயம், யுபிஐ-யிலும் டைனமிக் வந்துவிட்டது, ஆகவே உலகமே அந்தப் பக்கம் போகிறது என்கிறார்.

ஜிஎஸ்டி விதி உண்மைதான். ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் போகிற நிறுவனங்கள், நேரடி நுகர்வோருக்குக் கொடுக்கும் பில்லில் டைனமிக் கியூஆர் போட வேண்டும் என்று 2020 டிசம்பர் 1 முதல் விதி. ஆனால் அந்த டைனமிக்குக்கும் இவர் விற்கும் டைனமிக்குக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அங்கே டைனமிக் என்றால் ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக ஒரு கோடு என்று பொருள். யுபிஐ-யிலும் அப்படித்தான். டீக்கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கடைக்காரரின் யுபிஐ முகவரி மட்டும் இருக்கும், தொகையை நாம் அடிப்போம், அது ஸ்டேட்டிக். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் திரையில் தோன்றும் கோடில் தொகையும் பில் எண்ணும் சேர்ந்தே இருக்கும், அது டைனமிக். அந்தக் கோடை அச்சடித்த பிறகு மாற்ற முடியுமா? ஒரு ரூபாய் கூட மாற்ற முடியாது. நம்மால் தொகையைத் தொடவும் முடியாது. அதாவது நண்பர் ஆதாரமாகக் காட்டிய டைனமிக், அவர் அர்த்தத்தில் சொன்னால் சுத்த ஸ்டேட்டிக். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலும் சென்னைப் பெரிய மேடும் ஒன்று, இரண்டிலும் 'பெரிய' இருக்கிறது என்பது மாதிரியான வாதம் இது.

அரசாங்கம் எதை நம்புகிறது என்று உண்மையிலேயே பார்க்க வேண்டுமானால், நண்பர் தன் அச்சகத்தின் இ-இன்வாய்ஸை எடுத்துப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், விலக்குப் பெற்ற சிலரைத் தவிர, நிறுவனத்துக்கு நிறுவனம் போடும் பில்லை அப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதன் கோடுக்குள் விற்றவர் எண், வாங்கியவர் எண், பில் எண், தேதி, மதிப்பு எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு அடைபட்டிருக்கிறது. நெட் இல்லாமலே சோதிக்கலாம். ஆதார் அட்டையில் இருக்கும் கோடும் அதே வகை. பெயர், பிறந்த தேதி, சின்னதாகப் புகைப்படம் வரை உள்ளேயே, கையெழுத்தோடு. யாரும் பின்னால் உட்கார்ந்து திருத்த முடியாது என்பதுதான் அதன் பெருமையே. ஆதாரில் சேருமிடம் மாற்றும் வசதி வைத்தால் அதற்குப் பேர் வசதியா, போலியா?

பாதுகாப்பு அதிகம் என்பது இன்னும் தைரியமான பேச்சு. கோடுக்கு மேல் வேறு கோடு ஒட்டுகிற திருட்டு பற்றி எழுதியிருக்கிறார். நடக்கிறதுதான். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பார்க்கிங் கட்டண மெஷின்களில் போலி கோடு ஒட்டினார்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளின் யுபிஐ கோடு மேல் தங்கள் கோடை ஒட்டிவிட்டுப் போனார்கள். மேலே ஒட்டுகிறவனுக்குக் கீழே இருப்பது ஸ்டேட்டிக்கா டைனமிக்கா என்று என்ன கவலை? ஒட்டுப் பசைக்கு இரண்டும் ஒன்றுதான். டைனமிக் செய்வது இன்னொரு வாசலைத் திறந்துவைப்பது. ஸ்டேட்டிக் என்றால் திருடன் ஒவ்வொரு சுவருக்கும் நடக்க வேண்டும். டைனமிக் கணக்கின் பாஸ்வேர்டு ஒன்று கிடைத்தால் போதும், நாலாயிரம் சுவரையும் உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பிவிடலாம். போதாக்குறைக்கு, ஸ்கேன் செய்ததும் போன் காட்டுகிற முகவரியில் கடைப் பெயர் இருக்காது. கம்பெனியின் குட்டிப் பெயரும் புரியாத ஆறெழுத்தும்தான் இருக்கும். தெரியாத முகவரியைத் தொடாதே என்று ஊரெல்லாம் போலீஸ் அறிவிப்புக் கொடுக்கிறது. நாம் தெரியாத முகவரியையே அச்சடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

டீ காசுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் டீ 15 ரூபாய். 365-ஆல் பெருக்கினால் 5,475. இது ஒரு வருஷத்துக்கு. அந்த ஹார்டுவேர் கடைக்காரர் நாலாயிரம் காலண்டரில் ஒரு அட்டைக்குப் பத்துப் பைசா குறைக்கச் சொல்லி என்னோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவர், மொத்தம் 400 ரூபாய்க்காக. அவரிடம் போய் இந்த டீக் கணக்கைச் சொல்லிப் பார்க்கட்டும் நண்பர். காசு போகட்டும், நாள்? டீயைக் குடித்தால் முடிந்தது. இந்தச் சந்தாவுக்கு முடிவே இல்லை. அச்சடித்த பொருள் எத்தனை நாள் உயிரோடு இருக்குமோ அத்தனை நாள் கட்ட வேண்டும். பித்தளைப் பெயர்ப்பலகையில் பொறித்த கோடுக்குப் பேரன் காலம் வரை டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நண்பர் தவறவிட்ட நல்ல உதாரணம் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவர் பக்கத்துக்கே உதவும். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கோடு இருக்கிறது. அது நேராக ஒரு வீடியோவுக்குப் போவதில்லை. தீக்ஷா என்ற அரசுத் தளத்தில் ஓர் எண்ணுக்குப் போகிறது, அந்த எண்ணோடு எந்தப் பாடப்பொருளைக் கட்டுவது என்பதைப் பின்னால் மாற்றலாம். அதாவது திருத்தக்கூடிய வகை. செய்ததும் சரி; புத்தகம் வருஷக்கணக்கில் புழங்கும், வீடியோ மாறும். ஆனால் கவனியுங்கள், தரகர் அங்கே இல்லை. பதிவேடு அரசாங்கத்தின் கையில். அதோடு கட்டத்துக்குக் கீழேயே ஆறெழுத்துக் குறியை அச்சடித்திருக்கிறார்கள். கோடு கிழிந்தாலும், மை தேய்ந்தாலும், குழந்தை அந்த ஆறெழுத்தைத் தட்டி உள்ளே போகலாம். இந்த அக்கறையை எந்தச் சந்தாக் கம்பெனியிடமும் நான் பார்க்கவில்லை.

எனக்கு எதிரான உதாரணமும் உண்டு, அதை மறைத்தால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம். ஜெர்மனியில் ஹெய்ன்ஸ் கம்பெனி ஒரு போட்டிக்காகக் கெட்ச்அப் பாட்டிலில் கோடு அடித்தது, தன் சொந்த டொமைனுக்குத்தான். போட்டி முடிந்ததும் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் ஒருவர் வீட்டு பாட்டிலை ஸ்கேன் செய்தபோது ஆபாசத் தளம் திறந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆக, சொந்தச் சாவியையும் தொலைக்கலாம். தொலைத்தால் நம் கவனக்குறைவு என்று நம்மையே நொந்துகொள்ளலாம். புதுப்பிக்கிற தேதியைக் காலண்டரிலேயே குறித்துவைக்கலாம். அடுத்தவன் சாவியைத் தொலைத்தால் நாம் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு வருஷமும் அவனுக்குக் காசு கொடுத்துவிட்டு, தொலைக்காமல் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் எங்கள் அச்சகத்தில் பிரூஃபுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்து பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. திறப்பதற்கு முன்னால் போன் காட்டும் முகவரியைப் பேப்பரில் எழுதி, வாடிக்கையாளரிடம் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். பத்தில் மூன்று பேர் விழிக்கிறார்கள். டிசைன் செய்த பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டு, இரண்டு நாள் கழித்து வேறு கோடோடு வருகிறார்கள்.

அந்த ஹார்டுவேர் கடைக்காரர் மறு வருஷம் சொந்த டொமைன் வாங்கிவிட்டார். பழைய கோடின் சந்தாவைக் கட்டவில்லை, வருஷம் முடிந்த காலண்டருக்கு எதற்கு என்று. நானும் சரிதான் என்றேன். போன வாரம் வள்ளியூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு டீக்கடையில் நுழைந்தேன். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் அதே முருகன். தேதிச் சீட்டு ஒன்றுகூட மிச்சமில்லை, கீழே தகரக் கிளிப் மட்டும் துருப்பிடித்துத் தொங்குகிறது. படத்துக்காக வைத்திருக்கிறார்கள், காய்ந்த பூவும் சூடப் புகையும் ஏறியிருக்கிறது. கட்டம் மட்டும் கறுப்பு மங்காமல் அப்படியே இருந்தது, நல்ல மை. போனை எடுத்துப் பிடித்தேன்.

இன்னும் துட்டு கேக்கான்.